சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுக் கட்டுரை: எந்தச் சாதனையை யார் கணக்கில் எழுதுவது?

மலர்ப்பொறுப்பு:
கல்லூரி ஆண்டு மலருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பற்றி 4 பக்கக் கட்டுரை தயாராகிறது. வரைவின் முதல் பத்தி இது. அச்சுக்குப் போகுமுன் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"1857-ல் தொடங்கிய இந்தியாவின் முதல் பல்கலைக்கழகம். ராமன், ராமானுஜன், சந்திரசேகர், அப்துல் கலாம் ஆகியோர் இங்கே படித்துப் பட்டம் பெற்றனர். 1857 முதல் செனட் ஹவுஸில் வகுப்புகள் நடந்தன. தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி, ரங்கநாதனின் கோலன் நூல் பகுப்பு முறை, புரத அமைப்பைச் சோதிக்கும் ராமச்சந்திரன் வரைபடம் ஆகியவை இதன் சாதனைகள்."

சேப்பாக்கம் பழசு:
முதல் மூணு வரியிலும் தப்பு இருக்கு. கடைசி வரி மட்டும் சரி. வரிசையா வர்றேன்.

"முதல் பல்கலைக்கழகம்" இல்லை. அந்த வருஷம் மூணு சட்டம் வந்தது. கல்கத்தாவுக்கு ஜனவரி 24, பம்பாய்க்கு ஜூலை 18, சென்னைக்கு செப்டம்பர் 5. மூணுல மூணாவது. "இந்தியாவின் முதல் மூன்று நவீனப் பல்கலைக்கழகங்களில் ஒன்று"ன்னு போட்டா யாரும் கை வைக்க முடியாது. "பழமையானது"ன்னு மட்டும் போட்டீங்கன்னா வங்காளத்துச் செராம்பூர் கல்லூரிக்காரங்க, பட்டம் வழங்கலாம்னு 1827-ல டென்மார்க் அரசர் கொடுத்த பட்டயத்தைத் தூக்கிட்டு வருவாங்க.

அடுத்தது செனட் ஹவுஸ். ராபர்ட் சிஷோம் வடிவமைச்ச கட்டடம். வேலை ஆரம்பிச்சது 1874, முடிஞ்சது 1879. 1857-ல அங்க வெறும் கடற்கரைக் காத்துதான்.

பெரிய தப்பு "வகுப்புகள் நடந்தன"ங்கிறது. அன்னைக்கு இந்தப் பல்கலைக்கழகம் யாருக்கும் பாடமே நடத்தலை. லண்டன் பல்கலைக்கழக மாதிரியில வந்தது. கல்லூரியை இணைக்கிறது, பாடத்திட்டம் போடுறது, தேர்வு வைக்கிறது, பட்டம் தர்றது. அவ்வளவுதான் வேலை. பாடம் சொல்லிக் கொடுத்தது மாநிலக் கல்லூரியும் கிறிஸ்தவக் கல்லூரியும் மத்த கல்லூரிகளும். 1904 சட்டம் வந்த பிறகுதான் பல்கலைக்கழகமே கற்பிக்கலாம்னு வழி திறந்தது. 1914 வாக்கிலதான் முதல் பேராசிரியர் பதவிகள்: இந்திய வரலாறும் தொல்லியலும், ஒப்பியல் மொழிநூல், இந்தியப் பொருளியல். 1923 சட்டம் அந்தப் பக்கத்தை இன்னும் விரிச்சது.

ஏடு பார்ப்பவர்:
பழசு சொன்னதிலிருந்தே ஒரு முறை கிடைக்கிறது. எந்தச் சாதனையாக இருந்தாலும் மூன்று பெட்டிகளில் ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

முதல் பெட்டி: கல்லூரி கற்பித்தது, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தந்தது. ராமன் இதில் வருவார். மாநிலக் கல்லூரி, 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. சந்திரசேகரும் இதே பெட்டி: மாநிலக் கல்லூரி, 1930. அப்துல் கலாமும் அப்படியே: திருச்சி புனித ஜோசப் கல்லூரி, 1954.

இரண்டாம் பெட்டி: பல்கலைக்கழகம் பணமோ பதவியோ தந்தது. ராமானுஜன் இங்கே வருவார்.

மூன்றாம் பெட்டி: பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையிலோ நூலகத்திலோ அலுவலகத்திலோ நடந்த வேலை. லெக்சிகன், ரங்கநாதன், ராமச்சந்திரன் மூவரும் இங்கே.

பெயர்ப் பட்டியலை நீட்டி முதல் பெட்டியை நிரப்புவதுதான் மலர்க் கட்டுரைகளின் வழக்கம். பல்கலைக்கழகத்தின் உண்மையான பெருமை மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. 4 பக்கத்தில் மூன்று பக்கமாவது அதற்குக் கொடுங்கள்.

ராமானுஜன் "பட்டம் பெற்றார்" என்பது நேர் தவறு. பி.ஏ.வுக்கு முந்திய எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913 மே முதல் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு. முதுகலைப் பட்டதாரிக்கு உரியதைப் பட்டமே இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 என்று மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மார்ச் 17-ல் கப்பல் ஏறிவிட்டார். கேம்பிரிட்ஜ் செல்ல ஆண்டுக்கு 250 பவுன், அதுபோக உடைக்கும் பயணத்துக்கும் 100 பவுன் என்று கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம்தான். அவர் பெற்ற பட்டம் 1916-ல் கேம்பிரிட்ஜ் தந்தது.

தேர்வில் தவறவிட்டவரை விதியை வளைத்து எடுத்துக்கொண்டது எந்தப் பட்டமளிப்பையும் விடப் பெரிய செய்தி. அதை "பட்டம் பெற்றார்" என்று எழுதி மறைக்காதீர்கள்.

மலர்ப்பொறுப்பு:
நன்றி. ராமனுக்கு "பி.ஏ. இயற்பியல்" என்று ஒரு பழைய குறிப்பில் இருக்கிறது. பி.எஸ்சி. என்று திருத்தலாமா?

சேப்பாக்கம் பழசு:
திருத்திடாதீங்க! அப்ப அறிவியல் படிச்சாலும் பி.ஏ.தான். பழைய சான்றிதழைப் படிக்கிறவங்க எல்லாரும் வழுக்குற இடம் இது. தோராயமா இப்படி வெச்சுக்குங்க: 1910 வாக்குல வரைக்கும் மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. ரெண்டு வருஷம், பி.ஏ. ரெண்டு வருஷம். அப்புறம் எஃப்.ஏ. போயி இண்டர்மீடியட். 1956 வாக்குல இண்டர்மீடியட் போயி பி.யு.சி.ங்கிற புகுமுக வகுப்பு ஒரு வருஷம், டிகிரி மூணு வருஷம். 1978-ல பள்ளியில பிளஸ் டூ வந்ததும் பி.யு.சி. காலி.

ஆனர்ஸ்ங்கிற சிறப்புப் பட்டம் இன்னொரு சிக்கல். ஆனர்ஸ் முடிச்சவங்க கொஞ்ச காலம் கழிச்சு தனித் தேர்வு இல்லாம எம்.ஏ. வாங்கலாம். அதனால ஒருத்தருக்கு "பி.எஸ்சி. ஆனர்ஸ், அடுத்த வருஷமே எம்.ஏ."ன்னு இருந்தா அச்சுப்பிழைன்னு நினைச்சுடக் கூடாது. கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கின எஸ்.ஆர். சீனிவாச வரதனுக்கு அப்படித்தான் இருக்கும், 1959, 1960.

தாத்தாவின்பேரன்:
இழைக்குச் சற்று வெளியே. குடும்பத்தில் ஒரு மூத்தவர் 1920-களில் திருச்சியில் பி.ஏ. படித்தார் என்பது மட்டும் தெரியும். பட்டப் பதிவை எப்படித் தேடுவது? பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கேட்கவேண்டுமா?

ஏடு பார்ப்பவர்:
பாரதிதாசன் 1982-ல் வந்தது. அதற்கு முந்திய திருச்சிப் பட்டம் சென்னையுடையது. இப்படியே தனிப் பல்கலைக்கழகம் வந்த ஆண்டைப் பாருங்கள்: மதுரைப் பக்கம் என்றால் 1966-ம், பொறியியல் என்றால் சென்னையின் கிண்டி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி. ஆகிய மூன்று கல்லூரிகளுக்கும் 1978-ம், மருத்துவம் என்றால் 1988-ம் எல்லைக்கோடு. ஆந்திரக் கல்லூரிகளுக்கு 1926, திருவிதாங்கூருக்கு 1937. எல்லைக்கோட்டு ஆண்டில் சேர்ந்தவர்கள் பழைய பல்கலைக்கழகப் பெயரிலேயே முடித்திருப்பதும் உண்டு. சேர்ந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டியது பல்கலைக்கழகத்தின் ஆண்டு "கேலண்டர்". நாள்காட்டி என்று நினைத்துவிட வேண்டாம், தடித்த கையேடு. விதிகள், பாடத்திட்டம், பட்டம் பெற்றோர் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. சில ஆண்டுகளின் பிரதிகள் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. தேடும்போது தவறுவது பெரும்பாலும் இங்கேதான்:

தேர்வு எழுதிய ஆண்டும் பட்டமளிப்பு ஆண்டும் ஒன்றாக இருக்காது. முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு பாருங்கள். பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும், இன்றைய எழுத்துக்கூட்டலில் இருக்காது. சாதிப் பின்னொட்டோடு இருக்கும், அல்லது தந்தை பெயர் முன்னால் வந்து வரிசையே மாறியிருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்குப் பழைய அச்சு பிடிபடாது. எனவே தேடல் பெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகப் பாருங்கள். சான்றிதழ் நகல் வேண்டுமென்றால் பதிவெண், ஆண்டு, கல்லூரி மூன்றும் கையில் இருந்தால்தான் அலுவலகத்தில் வேலை நகரும்.

வடமராட்சியான்:
முதல் பட்டதாரிகள் ஆர் எண்டதை ஒருவரும் எழுதேல்லை. 1858-ல் சென்னையின் முதல் பி.ஏ. தேறின இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தவர். சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றது கறோல் விசுவநாதபிள்ளை. அந்த நாளில இலங்கையில பல்கலைக்கழகம் இல்லை, எங்கட ஆக்கள் சோதனைக்குச் சென்னைக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தவை.

தாமோதரம்பிள்ளையை "முதல் பட்டதாரி" எண்ட ஒற்றைச் சொல்லோட விட்டுவிடாதேங்கோ. 1881-ல் வீரசோழியம், 1887-ல் கலித்தொகை எண்டு ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். தொல்காப்பியப் பதிப்பிலும் அவற்ற பங்கு பெரிசு. பட்டம் இங்க முதல் பெட்டி, பதிப்பு அவற்ற சொந்தப் பாடு. இரண்டையும் கலக்கக்கூடாது எண்டது ஏடு பார்ப்பவருக்கும் உடன்பாடாயிருக்கும்.

அகராதிப்பித்தன்:
லெக்சிகனுக்கு ஒற்றை வரி போதாது. 1913-ல் அமெரிக்க மிஷனரி ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராக வைத்துத் தொடங்கினார்கள். முதல் திட்டம் வின்சுலோவின் 1862 தமிழ்-ஆங்கில அகராதியைத் திருத்தி விரிப்பது. அதில் 67,000-க்கு மேல் சொற்கள். ஒரு லட்சம் ரூபாயில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அச்சு 1924-ல்தான் தொடங்கியது. 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளை பொறுப்பு. 1936-ல் ஆறு தொகுதிகள் முடிந்தன, ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேல் சொற்கள். பின்னால் வந்த அனுபந்தத்தில் இன்னும் 13,000-க்கு மேல்.

பயன்படுத்துவோர் தடுக்கிவிழும் இடங்களையும் மலரில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம், மாணவர்களுக்கு உதவும்.

வினையைத் தேடும்போது "படித்தான்", "படிக்க" என்று தேடினால் கிடைக்காது. வினைப்பகுதியைப் பிடித்து "படி-த்தல்" என்ற தலைப்பில் பார்க்கவேண்டும். அதன் பக்கத்தில் 11 என்று ஓர் எண் நிற்கும். பக்க எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது வினைவிகற்பத்தின் எண், அதாவது வினை எந்த வகையில் உருமாறும் என்பதைக் காட்டும் எண். மொத்தம் 13 வகை. செய்-தல் 1-ம் வகை, நட-த்தல் 12-ம் வகை. எண்ணைப் பார்த்தாலே இறந்தகாலம் எப்படி வரும் என்று தெரிந்துவிடும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவருக்கு இதைவிடச் சுருக்கமான உதவி கிடையாது.

தலைச்சொல்லின் மேலே சிறிய 1, 2, 3 இருந்தால் எழுத்து ஒன்றாகவும் சொல் வேறாகவும் இருப்பவை. முதல் "படி"யைப் பார்த்துவிட்டு மூடினால், அளக்கும் படியும் ஏறும் படியும் விட்டுப்போகும்.

பொருளுக்குப் பின்னால் அடைப்பில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து நின்றால் அது வின்சுலோவிலிருந்து எடுத்த பொருள். இலக்கிய மேற்கோள் இல்லாமல் அந்தக் குறி மட்டும் இருந்தால், ஆய்வுக்கட்டுரையில் ஒற்றைச் சான்றாக அதை வைக்காமல் இருப்பது நல்லது. ஜே என்ற எழுத்து நின்றால் யாழ்ப்பாண வழக்கு.

ஆறு தொகுதியிலும் இல்லை என்றால் சொல்லே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அனுபந்தம் தனி அகரவரிசை, அதைத் தனியாகப் பார்க்கவேண்டும். இணையத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் முழுதும் இருக்கிறது.

வடமராட்சியான்:
அந்த ஜே குறி மிகவும் பிரயோசனம். ஆனால் குறி இல்லாத சொல் யாழ்ப்பாணத்தில் இல்லை எண்டு தலைகீழாக வாதிடுற ஆக்களும் உண்டு. குறி இருந்தால் உண்டு, இல்லாட்டில் ஒண்டும் சொல்லேலாது.

அகராதிப்பித்தன்:
அதே. அகராதியின் மௌனம் சான்று ஆகாது.

கோணமானி:
ராமச்சந்திரன் பகுதிக்கு நான் எழுதுகிறேன். இதை "வரைபடம் கண்டுபிடித்தார்" என்று முடிப்பது அநியாயம், ஏன் கண்டுபிடித்தார் என்பதில்தான் சுவை.

ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார், வயது 30 கூட ஆகவில்லை. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு அந்தப் பதவியில் இருந்தவர். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்போது புதிராக இருந்தது. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க நல்ல சோதனைப்பொருள் வேண்டும். அடையாற்றில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. இழைகள் ஒரே திசையில் படிந்திருப்பதால் படம் தெளிவாக விழும். 1954 ஆகஸ்டில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் மூவிழைச் சுருள் மாதிரி வெளியானது. அடுத்த ஆண்டே திருத்திய மாதிரி: மூன்று சுருள்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், நம்ம கயிறு மாதிரி. மூன்று அமினோ அமிலங்களுக்கு ஓர் இடத்தில், அவற்றில் மிகச் சிறியதான கிளைசீன் இருந்தாக வேண்டும், ஏனென்றால் கயிற்றின் நடுவில் அதைவிடப் பெரிய பக்கச்சங்கிலிக்கு இடம் இல்லை.

இங்கேதான் எதிர்ப்பு வந்தது. அதே புரதத்தை ஆராய்ந்த ரிச்சும், டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், சில அணுக்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கி நிற்கின்றன, அப்படி இருக்கமுடியாது என்றார்கள். "எவ்வளவு நெருங்கலாம்?" என்பதற்கு அன்று உறுதியான எண் கிடையாது. சென்னைக் குழு அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகளைத் திரட்டி, வழக்கமான எல்லை ஒன்று, கடைசி எல்லை ஒன்று என்று இரண்டு அட்டவணை போட்டது. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), கடைசிப்பட்சம் 1.9. கரிமத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் 2.8, கடைசிப்பட்சம் 2.7. பிறகு புரதச் சங்கிலியின் இரண்டு திருப்புகோணங்களைப் படிப்படியாக மாற்றி, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் முட்டுகின்றன என்று கணக்கிட்டார்கள். முட்டாத இடங்களைத் தாளில் நிறம் தீட்டினால் கிடைப்பதுதான் அந்த வரைபடம். 1963, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் உடன் ஆசிரியர்கள். அந்த இரண்டு பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

கொலாஜன் மாதிரியில் இழைகளுக்கிடையே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில் பின்னாளில் நிலைத்தது மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. அது ராமச்சந்திரனின் இரண்டு-பிணைப்பு வாதத்துக்கு எதிரானது. அதையும் எழுதலாம், பெருமை குறையாது. முட்டுகிறது என்று சொன்னவர்களுக்குப் பதில் தேடப்போய்க் கிடைத்த கருவிதான் இன்று உலகில் எந்தப் புரத அமைப்பைப் பதிவு செய்தாலும் சோதிக்கப் பயன்படுகிறது.

படம் போடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. 1963 மூலப்படத்தில் அச்சுகள் 0 முதல் 360 வரை. முழுக்க நீட்டிய சங்கிலி (0, 0). 1970-ல் பன்னாட்டு முறை மாறியது. இப்போது அதே சங்கிலி (180, 180), அச்சுகள் −180 முதல் +180. பழைய படத்தின் கீழே புதிய எண்களை ஒட்டினால் ஆல்பாச் சுருள் என்னும் புரத வடிவம் தவறான மூலையில் போய் நிற்கும். பழைய எண்ணில் 180-ஐக் கழித்தால் புதிய எண்.

மலர்ப்பொறுப்பு:
இது அருமை. நூலகப் பகுதிக்கு யாராவது? ரங்கநாதன் கணிதப் பேராசிரியர் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது.

சேப்பாக்கம் பழசு:
மாநிலக் கல்லூரியில கணிதம் நடத்திக்கிட்டு இருந்தவரை 1924 ஜனவரியில பல்கலைக்கழக நூலகராப் போட்டாங்க. உடனே லண்டன் அனுப்பிப் பயிற்சி. திரும்பி வந்து என்ன செஞ்சார்னு எழுதுங்க: வாசகர் நேரா அலமாரிக்குப் போயிப் புத்தகம் எடுக்கலாம்னு திறந்துவிட்டார். பூட்டி வெச்சு சீட்டு எழுதி வாங்குற காலம் அது. திறந்தா ஒரு பிரச்சினை வரும், பொருள் வரிசையில புத்தகம் நிக்கலைன்னா வாசகர் அலைவார். கோலன் பகுப்புக்கு அவசியம் வந்தது அங்கதான். ஒரு பொருளுக்கு முன்கூட்டியே ஒரு எண் ஒதுக்காம, பொருளைக் கூறுகளாப் பிரிச்சு, முக்காற்புள்ளி போட்டு ஒட்டுற முறை. 1931-ல நூலகத்துக்கான ஐந்து விதிகள் நூல், 1933-ல கோலன் பகுப்பு, 1934-ல பட்டியல் விதிகள். சென்னை நூலகச் சங்கம் 1929-ல ஆரம்பிச்ச பயிற்சிப் பள்ளியை 1931-ல பல்கலைக்கழகம் எடுத்துக்கிச்சு. இப்ப இருக்கிற நூலகக் கட்டடம் 1936 செப்டம்பர்ல திறந்தது. ராமானுஜனோட மூலக் குறிப்பேடுகளும் பல்கலைக்கழக நூலகத்துலதான் இருக்கு, அதை இந்தப் பத்தியிலயே சேர்த்துடுங்க.

ஏடு பார்ப்பவர்:
பொருளியல் துறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதன் முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்ததும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது கையில் வினாப்பட்டியல் கொடுத்தனுப்பினார்: நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு. 1918-ல் அது நூலாக வந்தது. தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அதில் உண்டு. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் அளந்தார்கள். ஒரே ஊரை இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்த தரவு அந்தக் காலத்தில் அபூர்வம். பின்னாளைய ஆய்வாளர்கள் மூன்றாம் முறையும் போனார்கள்.

தாவரவியலில் எம்.ஓ.பி. ஐயங்காரின் பாசி ஆய்வு, சமஸ்கிருதத்தில் 1935-ல் தொடங்கிய ஏட்டுச்சுவடிப் பெரும்பட்டியல், நீலகண்ட சாஸ்திரியின் வரலாற்றுத் துறை என்று இன்னும் இருக்கின்றன. இடம் இருந்தால் ஒவ்வொரு வரி.

மலர்ப்பொறுப்பு:
திருத்திய முதல் பத்தி:

"1839 நவம்பரில் 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் சேர்ந்தது. 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் செனட் ஹவுஸில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இரண்டு யாழ்ப்பாணத்தவர் முதல் பி.ஏ. பட்டம் பெற்றனர்."

சேப்பாக்கம் பழசு:
செனட் ஹவுஸ் மறுபடியும் 1857-க்குள்ள நுழைஞ்சிடுச்சு பாருங்க. செப்டம்பர் 5-ல எதுவும் திறக்கலை, சட்டம் நிறைவேறிச்சு. "சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது"ன்னு மாத்துங்க. கட்டடம் 1879-ம் வருஷப் பத்தியில வரட்டும். அங்கயே இன்னொண்ணு சேர்க்கலாம், 1937-ல சென்னைச் சட்டமன்றம் கூடினது அந்த மண்டபத்துலதான்.

வடமராட்சியான்:
"இரண்டு யாழ்ப்பாணத்தவர்" எண்டு விடாமல் பெயரையும் போடுங்கோ, இடம் இருக்குத்தானே.